எறும்பு ஊரக் கல் தேயுமா? வெள்ளவத்தையில் பொறுக்கிய இரண்டு கற்கள்

கடலோரத்தான் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இன்று பின்னேரம் மகளோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இறங்கினேன். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே பெரிய பாறாங்கற்களை அடுக்கியிருக்கிறார்கள் அல்லவா, அதற்குக் கீழே கிடக்கிற துண்டு மணலில் அவள் இரண்டு கற்களைப் பொறுக்கினாள். ஒன்று தண்டவாளத்துக்குப் போடுகிற சல்லிக்கல், மேலேயிருந்து உருண்டு விழுந்திருக்க வேண்டும். விளிம்பெல்லாம் கூர், கையைக் கீறும். மற்றது கோழிமுட்டையை விடக் கொஞ்சம் பெரிது, வழுவழுவென்று உருண்டை. இரண்டையும் நனைத்துப் பார்த்தால் ஒரே சாதிக் கல். அதே கறுப்பு, அதே வெள்ளைக் கோடுகள், அதே மினுக்கம்.

"இதைத்தான் கடல் அப்படி ஆக்கியதா அப்பா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "தண்ணீர் கல்லை விட மெல்லியதுதானே, அது எப்படிக் கல்லைத் தேய்க்கும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளுடைய கொப்பியில் "ஓடும் நீர் பாறைகளைத் தேய்க்கும்" என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குழாய்க்குக் கீழே ஒரு கருங்கல் பலகை இருக்கிறது. பதினைந்து வருடமாக அதே இடத்தில் தண்ணீர் விழுகிறது. தடவிப் பார்த்தேன், ஒரு குழியும் இல்லை. அப்படியென்றால் கடலில் மட்டும் என்ன நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெகிவளை_வாசகன் | ஞாயிறு, இரவு 9.05

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று சும்மாவா சொன்னார்கள்? காலம்தான் பதில் அண்ணா. பதினைந்து வருடம் கல்லுக்கு ஒரு கணக்கே இல்லை.

பேராதனை_மண் | ஞாயிறு, இரவு 10.22

புவிச்சரிதவியல் படித்தவன், இப்போது கொழும்பில் வேலை. மகளின் கேள்வி மிகச் சரியான கேள்வி. காலம் மட்டும் பதில் இல்லை. சுத்தமான தண்ணீர் விழுந்து விழுந்து கருங்கல் தேய்வது, நாங்கள் காத்திருந்து பார்க்கக்கூடிய வேகத்தில் நடப்பதில்லை. உங்கள் குழாயடிப் பலகை அதற்குச் சாட்சி. கடலில் தேய்ப்பது தண்ணீர் சுமந்து வருகிற மணலும் கூழாங்கல்லும். தண்ணீர் கை மாதிரி, மணல் அந்தக் கை பிடித்திருக்கிற அரம்.

ஒரு பொருள் இன்னொன்றைக் கீற வேண்டுமென்றால் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரையான மோஸ் அளவில் சொல்கிறோம். பேனாக்கத்தி ஏறத்தாழ 5.5. உங்கள் கல்லிலுள்ள வெள்ளைக் கோட்டில் இரண்டு கனிமங்கள் கலந்திருக்கும்: ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. கறுப்பாக மினுங்குவது கறுப்பு மைக்கா, ஊரில் காக்காப்பொன் என்போமே அதுதான், வெறும் 2.5 முதல் 3. கொழும்புக் கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதாவது அந்தக் கல்லை உருவாக்கிய கனிமங்களிலேயே மிகக் கடினமானதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அலை வருகிறது.

அப்புறம் உருண்டை ஆவது எப்படி? கூரான முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் உருண்டாலும் அதுதான் முதலில் அடிபடும். அதற்குப் பின்னால் தாங்குவதற்குக் கல்லும் குறைவு. தட்டையான பக்கத்தில் விழுகிற அடி பரவிப் போய்விடும், முனையில் விழுகிற அடி சில்லாக உடைத்துக்கொண்டு போகும். ஹங்கேரியக் கணிதவியலாளர் காபோர் டொமோகோசும் அமெரிக்காவின் டக்ளஸ் ஜெரோல்மாக்கும் சேர்ந்து 2014-இல் இதை அழகாகக் காட்டினார்கள். ஆற்றுக் கல் இரண்டு கட்டமாகத் தேய்கிறது. முதல் கட்டத்தில் முனைகள் மட்டும் போகும், கல்லின் நீளம் அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உருண்டையான பிறகுதான் மொத்தக் கல்லும் சிறுக்கத் தொடங்கும். உங்கள் இரண்டு கற்களின் நீளத்தையும் அளந்து பாருங்கள். உருண்டைக் கல் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நாங்கள் மனதில் நினைப்பது பெரும்பாலும் மிகை.

தரம்9_டீச்சர் | திங்கள், காலை 6.15

பாடசாலைக்குப் புறப்படும் முன் ஒரு சின்னக் குறிப்பு. பிள்ளைகள் இரண்டு விடயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். பாறை இருந்த இடத்திலேயே உடைந்தும் உக்கியும் போவது வானிலையாலழிதல். உடைந்ததை ஆறும் காற்றும் கடலும் அள்ளிக்கொண்டு போவது அரிப்பு. உங்கள் மகள் பார்த்த உருண்டைக் கல் இரண்டாவதில் சேரும், ஏனென்றால் அது நகர்ந்து நகர்ந்து தேய்ந்தது.

வகுப்பில் நான் செய்து காட்டுவது: வெறும் பெயின்ட் தகரம், அதில் கையால் உடைத்த செங்கல் துண்டுகள், பாதி தண்ணீர். மூடி இறுக்கிப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்குவார்கள். நூறு குலுக்கலுக்கு ஒருமுறை திறந்து ஒரு துண்டை வெளியே எடுத்து வைப்போம். பாட முடிவில் துண்டுகளை வரிசையாக வைத்தால் கூர்முனை மழுங்கி மழுங்கி வருவது கண்ணுக்குத் தெரியும். தகரத்தின் அடியில் செம்மண் சேறு தங்கியிருக்கும். "இந்தச் சேறுதான் அந்த முனைகள்" என்று ஒரு பிள்ளை சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் டோப்ரே 19-ஆம் நூற்றாண்டிலேயே சுழலும் உருளைக்குள் கருங்கல் துண்டுகளைப் போட்டு இதைத்தான் செய்தார்.

கொட்டாஞ்சேனையான் | திங்கள், பகல் 12.48

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன். 1857-இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலேயே புதிதாகக் கட்டுவித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே தூணில் செதுக்கிய உருவங்களின் விளிம்பு இன்னும் தெளிவாக நிற்கிறது, ஆனால் சனம் நடக்கிற இடத்தில் கல் எண்ணெய் தடவியது போல வழுக்கும். வெறுங்கால்தானே நடக்கிறோம், காலில் மணல் ஒட்டிக்கொண்டு வருவதாலா?

இன்னொன்று. எங்கள் அப்பம்மாவின் அம்மி நடுவில் பள்ளம் விழுந்து கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை அம்மி பொளிகிறவர் வந்து உளியால் கொத்திக் கொடுப்பார். அந்த 'டிக் டிக்' சத்தத்துக்காகவே பக்கத்தில் குந்தியிருப்பேன். கொத்திய முதல் நாள் சம்பலைத் தின்றால் பல்லில் நறநறவென்று கடிபடும், அதனால் முதலில் உப்பும் தவிடும் போட்டு அரைத்துக் கழுவி ஊற்றுவார்கள். செத்தல் மிளகாயும் மல்லியும் கல்லைவிட எவ்வளவோ மெல்லியவை. அப்படியிருக்க அம்மி ஏன் தேய்ந்தது?

பேராதனை_மண் | திங்கள், இரவு 9.30

@கொட்டாஞ்சேனையான் கோயில் தரைக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். ஈரக் காலில் ஒட்டிய குவார்ட்ஸ் மணலும் தூசியும்தான் அரம். தூணில் யாரும் நடப்பதில்லை.

அம்மி இன்னும் சுவாரசியம். மிளகாய் தேய்க்கவில்லை, குழவி தேய்த்தது. கல்லும் கல்லும் ஒன்றையொன்று உரசுகின்றன. அது மட்டுமில்லை, கருங்கல் என்பது பல கனிம மணிகள் பின்னிப்பிடித்த ஒரு கூட்டு. ஒவ்வொரு இழுப்பிலும் மணிகளுக்கு நடுவே உள்ள பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒரு நாள் ஒரு மணி அப்படியே கழன்று வரும். கழன்ற மணி அம்மிக்கும் குழவிக்கும் நடுவே உருண்டு மற்ற இடங்களையும் கீறும். பல்லில் கடிபட்டது அதுதான்.

எறும்பு விடயத்துக்கும் இங்கேயே வருகிறேன். எறும்பின் காலால் குவார்ட்ஸைக் கீற முடியாது. ஆனால் ஏற்கனவே உக்கித் தளர்ந்த கல்லிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்துக்கொண்டு போக எறும்பாலும் முடியும். அதனால் கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: கல்லைத் தளர்த்தியது யார்?

மரைன்_ட்ரைவ்_பொறியியலாளர் | திங்கள், இரவு 10.11

தளர்த்தியது யார் என்ற கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் உராய்வைப் பற்றியே கதைக்கிறீர்கள். கொழும்பில் கல்லைத் தின்பது முதலில் ஈரமும் உப்பும், உராய்வு பிறகுதான் வருகிறது.

கடலோரத்தான், அடுத்த முறை போகும்போது அடுக்கியிருக்கிற பாறாங்கற்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். கறுப்புக் கோடுகள் உள்ளே இறங்கியிருக்கும், வெள்ளைக் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி மேலே நிற்கும். சில இடத்தில் துருப்பிடித்த மாதிரிச் செம்மஞ்சள் கறை வழிந்திருக்கும். அது துருவேதான், காக்காப்பொன்னில் உள்ள இரும்பு ஈரக்காற்றில் ஒட்சியேறியது. கடல் தூவானம் கல்லின் நுண்ணிய வெடிப்புக்குள் போய்க் காய்கிறது, உப்பு பளிங்காக வளர்கிறது, வளரும்போது வெடிப்பின் இரு சுவரையும் தள்ளுகிறது. தினமும் நனைந்து தினமும் காய்கிற இடத்தில் இது ஓயாத வேலை. எங்கள் தொடர்மாடியில் பல்கனிகளின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவதும் இந்தக் கதையின் உறவுதான். உப்பு உள்ளே போகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பை விட அதிக இடம் கேட்கிறது, கொங்கிரீட் வெடிக்கிறது.

உள்ளூருக்குப் போனால் இன்னும் பெரிய வேலை நடக்கிறது. கொழும்பைச் சுற்றி எங்கே அத்திவாரம் தோண்டினாலும் செந்நிறக் கபுக் கல் வரும். அது ஒரு காலத்தில் இதே மாதிரிக் கருங்கல். மழை சிலிக்காவையும் கல்சியம், சோடியம், பொற்றாசியத்தையும் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் ஒட்சைட்டாகத் தங்கிவிட்டன. மண்ணுக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு மெது, வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகும். பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தில் பார்த்து, 1807-இல் வெளியிட்ட நூலில் 'லாட்டரைட்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். 1749-இல் தொடங்கி 1757-இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தின் அந்தத் தடித்த சுவர்களைக் கட்டியது இந்தக் கபுக் கல்லை வைத்துத்தான். ஒரு பாறை உக்கி, உக்கியதே மறுபடி கட்டடக் கல்லாகி நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

தரம்9_டீச்சர் | திங்கள், இரவு 10.40

பொறியியலாளர் ஐயா சொன்னதோடு பொரலஸ்கமுவவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகும். அது ஃபெல்ட்ஸ்பாரைக் கயோலின் என்ற வெள்ளைக் களியாக மாற்றும். அந்தக் களி கிடைக்கிற இடம்தான் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பொரலஸ்கமுவ. பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்கும்போது உக்கிய பாறையைத்தான் பிடித்திருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

தெகிவளை_வாசகன் | செவ்வாய், காலை 7.20

வெயிலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பகலில் சூடேறி விரிந்து இரவில் குளிர்ந்து சுருங்கினால் பாறை வெடிக்காதா? உயர்தரத்தில் அப்படித்தான் படித்தேன். தண்ணீர் உறைந்து பிளப்பதும் இருந்தது.

பேராதனை_மண் | செவ்வாய், இரவு 8.55

உறைவது நிஜம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், குளிர்நாடுகளில் மலையையே பிளக்கும். கொழும்புக்கு அது பொருந்தாது.

வெயில் கதை கொஞ்சம் நீளம். 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் மினுக்கிய கருங்கல் துண்டை 89,400 தடவை சூடாக்கிக் குளிரவைத்தார். 244 வருடத்துப் பகலிரவுக்குச் சமம். உலர்ந்த காற்றில் குளிரவைத்தபோது கல்லில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார். இரண்டரை வருடத்துக்குச் சமமான தடவைகளிலேயே வெடிப்பும் மங்கலும் தெரிந்தன. வெறும் வெயிலால் எதுவும் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. சின்னத் துண்டில் நடக்காதது பெரிய பாறையில் நடக்கலாம். ஆனால் ஈரம் சேர்ந்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை என்பது என் எண்ணம். பொறியியலாளர் சொன்னதோடு நான் முழுதாக ஒத்துப்போகிறேன்: எங்கள் நாட்டில் ஈரம் கல்லைத் தளர்த்துகிறது, மணல் வந்து தேய்க்கிறது.

கொட்டாஞ்சேனையான் | செவ்வாய், இரவு 9.20

அப்படியென்றால் இவ்வளவு மழையும் சூடும் உள்ள எங்கள் மலைநாடு உலகத்திலேயே வேகமாகக் கரைகிறதா?

பேராதனை_மண் | செவ்வாய், இரவு 10.02

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது நேர்மாறு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் குவார்ட்ஸுக்குள் பெரிலியம்-10 என்ற அணுவை மிக மெதுவாக உண்டாக்கும். ஒரு மணல்மணி மேற்பரப்புக்கு அண்மையில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதற்கு அது கணக்குப் புத்தகம். இந்த முறையில் எங்கள் மத்திய மலைநாட்டு ஆற்று மணலை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு: இயற்கையாக நிலம் தாழ்வது ஆயிரம் வருடத்துக்கு வெறும் 5 முதல் 30 மில்லிமீட்டர்.

காரணம் மண் போர்வை. பாறை உக்கி உக்கித் தடித்த மண்ணாகி மேலே கிடக்கிறது, அடியிலுள்ள புதுப் பாறைக்குத் தண்ணீரும் அமிலமும் போய்ச் சேருவது குறைகிறது. காடு அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. இமயமலை மாதிரி நிலம் கிளம்பிக்கொண்டும் இல்லை. ஆனால் காட்டை வெட்டிய சரிவுகளில் மண் இழப்பு இயற்கை வேகத்தைவிடப் பல மடங்கு என்பதையும் அதே ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிற செய்தி. அந்தப் போர்வை சேர எடுத்த காலத்தை ஒருவராலும் திருப்பித் தர முடியாது.

சிகிரியாவும் இந்தக் கணக்கில்தான் வரும். எரிமலைக் குழம்பு இறுகியது என்று பலர் சொல்வார்கள். அது உருமாறிய பாறை. சுற்றியிருந்தது உக்கிப் போக, வெடிப்புக் குறைந்த பகுதி தனியே எஞ்சி நிற்கிறது.

மாணிக்கக்_கண் | புதன், காலை 11.30

காலி வீதியில் மாணிக்கக் கடை. தேயாத கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இரத்தினபுரியில் குழி வெட்டும்போது களிமண்ணுக்குக் கீழே 'இல்லம்' என்று ஒரு கூழாங்கல் படை வரும். மாணிக்கம் கிடப்பது அதில்தான். நீலமும் சிவப்பும் கடினம் 9. அவற்றைப் பிடித்திருந்த தாய்ப்பாறை உக்கிக் களியாகிப் போய்விட்டது. ஆறு உருட்டிக்கொண்டு வந்ததில் மற்றவை தேய்ந்து உடைந்தன, பாரமான இவை பள்ளத்தில் தங்கின. ஆனால் நீலக்கல்லும் முழுக்கத் தப்பவில்லை. இல்லத்திலிருந்து வருகிற கல்லை நனைக்காமல் பார்த்தால் மேல்தோல் கண்ணாடித்தாள் போட்ட மாதிரி மங்கலாக இருக்கும், முனை மழுங்கியிருக்கும். நனைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் உள்ளே நிறம் எழும்பும். தோல் ரொம்ப வழுவழுப்பாக இருந்தால் தூரத்திலிருந்து வந்த கல் என்று எங்கள் அப்பா சொல்வார்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை பற்றி எழுத முன்னர், இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தவர். 1904-இல் அவர் கண்டுபிடித்த தோரியனைட்டும் இப்படி உக்கிய பாறையிலிருந்து பிரிந்து ஆற்றுக் கூழாங்கல்லில் தங்கிய பாரக் கனிமம்தான்.

யாழ்_கிணறு | புதன், பகல் 1.15

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் புதுசு. எங்களுக்குக் கல் என்றால் சுண்ணக்கல். அதை யாரும் தேய்க்கத் தேவையில்லை, மழைத்தண்ணீரே கரைத்துக் குகையாக்கிவிடும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதன் வேலை.

கடலோரத்தான் | புதன், இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. இன்று மகளும் நானும் உருப்பெருக்குக் கண்ணாடியோடு போனோம். பொறியியலாளர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. பாறாங்கல்லில் வெள்ளைக் கோடுகள் நரம்பு மாதிரி மேலே நின்றன. கறுப்புக் கோட்டில் நகத்தை வைத்துக் கிளறினால் மினுங்குகிற துகள் கையோடு வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: அலை அடிக்கிற கீழ்ப்பக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை, எல்லாம் ஒரே மட்டமாக வழவழப்பு. மேற்பக்கம்தான் கரடுமுரடு.

மகளின் அடுத்த கேள்வி: கல் தேய்ந்து மணலாகிறது என்றால், மணல் தேய்ந்து ஏன் மாவாகிப் போகவில்லை?

பேராதனை_மண் | புதன், இரவு 9.48

மகளுக்கு என் கைகுலுக்கல். நீங்கள் பார்த்த வித்தியாசத்துக்குக் காரணம், மேற்பக்கத்தில் உப்பும் ஈரமும் தனியே வேலை செய்கின்றன, மெல்லிய கனிமத்தைத் தேடித் தின்கின்றன. கீழ்ப்பக்கத்தில் அலை கொண்டுவரும் மணல் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லாவற்றையும் அரைத்துச் சமமாக்குகிறது. ஒரே கல்லில் இரண்டையும் பார்த்திருக்கிறீர்கள்.

மணலுக்கு வருவோம். கூழாங்கல் பாரமானது, தண்ணீருக்குள்ளும் வேகமாக மோதும். மணல்மணி மிகச் சிறியது. இரண்டு மணி நெருங்கும்போது நடுவிலுள்ள தண்ணீரே பஞ்சு மாதிரி அடியை வாங்கிவிடும். அதனால் ஒரு அளவுக்குக் கீழே போனால் தண்ணீரில் தேய்வு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. டச்சுக்காரர் பிலிப் கியூனன் பரிசோதித்துப் பார்த்தார். காற்று அடித்துக்கொண்டு போகிற மணல், ஆற்று மணலைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகத் தேய்கிறது, ஏனென்றால் காற்றில் அந்தப் பஞ்சு இல்லை. அதோடு குவார்ட்ஸ் எளிதில் உக்கவும் மாட்டாது. 1938-இல் கோல்டிச் என்ற புவிச்சரிதவியலாளர் கனிமங்களை உக்குகிற வரிசையில் அடுக்கியபோது கடைசி இடம் அதற்குத்தான்.

கடலோரத்தான் | வியாழன், இரவு 7.35

வாசித்துக் காட்டினேன். மகள் சல்லிக்கல்லை வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, திகதி போட்டு, கீழ்க்கடைத் தராசில் நிறுத்து நிறையையும் எழுதியிருக்கிறாள். டீச்சர் சொன்ன பெயின்ட் தகரத்தில் அதையும் இன்னும் ஆறேழு சல்லியையும் ஒரு கோப்பை கடற்கரை மணலோடு போட்டாயிற்று. பாடசாலை விட்டு வந்ததும் இருநூறு குலுக்கல் என்று கணக்கு. கீழ்வீட்டு அன்ரியிடம் சத்தத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டோம். மாத முடிவில் இரண்டாவது கோட்டை அதே தாளில் வரைந்து இங்கே போடுகிறேன்.